கதிரைகள் பறந்த சபையில் ஒரு சட்டத்தரணி

போன கிழமை உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், யாப்பு எழுதுறதுக்கென்றே ஆக்களைத் தெரிவுசெய்து அனுப்பி, அவங்க எழுதாம விட்டா என்ன நடக்கும்?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. ஆசிரியர் அறையில் இருந்து யோசித்தபோதுதான் நேபாளத்தின் சுபாஷ் நெம்பாங் நினைவுக்கு வந்தார்.

தேயிலைக்குப் பேர்போன இலாம் மாவட்டத்தில் 1953இல் பிறந்தவர். லிம்பு எனும் சிறுபான்மை இனத்தவர். தொழிலால் சட்டத்தரணி, கொள்கையால் கம்யூனிஸ்ட். சட்ட அமைச்சராகவும் இருந்தார். 2006இல் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கிய பிறகு சபாநாயகரானார்.

2008இல் 601 பேர் கொண்ட அரசியலமைப்பு நிர்ணய சபை தெரிவானது. முதல் அமர்விலேயே முடியாட்சியை ஒழித்தது. அந்தச் சபைக்குத் தலைவர் நெம்பாங். இரண்டு வருடத்தில் யாப்பு எழுதி முடிக்க வேண்டும். முடியவில்லை. தவணையை நான்கு தடவை நீட்டினார்கள். மாகாணங்களை இன அடிப்படையில் பிரிப்பதா இல்லையா என்பதிலேயே எல்லாம் சிக்கிக்கொண்டது. இனிமேல் நீட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012 மே மாதம் யாப்பு இல்லாமலேயே சபை கலைந்தது. தலைவருக்கும் பதவி போனது.

பிள்ளையின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: எழுதாதவர்கள் மறுபடியும் மக்களிடம் போய் வாக்குக் கேட்க வேண்டும்.

2013இல் மீண்டும் தேர்தல். மீண்டும் நெம்பாங்தான் தலைவர். 2015 ஜனவரியில் வாக்கெடுப்புக்கான வேலையைத் தொடங்கப் பார்த்தபோது சபைக்குள்ளேயே கதிரைகள் பறந்தன, ஒலிவாங்கிகள் உடைந்தன. ஏப்ரலில் பூமியதிர்ச்சி வந்து ஏறத்தாழ 9000 உயிர்களைக் கொண்டு போனது. அந்தத் துயரம் தலைவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. செப்டம்பரில் 507 பேர் ஆதரிக்க, 25 பேர் எதிர்க்க, யாப்பு நிறைவேறியது. மதச்சார்பற்ற நாடு என்று அதில் எழுதினார்கள். அங்குள்ள முஸ்லிம்களுக்கென ஓர் ஆணைக்குழுவுக்கும் இடம் வைத்தார்கள்.

ஆனால் மீதிப் பதில் கசப்பானது. தெற்குச் சமவெளியின் மாதேசிக் கட்சிகள் வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்தன. அங்கு நடந்த ஆர்ப்பாட்டங்களில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லையில் மாதக்கணக்கில் பாதை அடைபட்டு, எரிபொருளுக்கும் மருந்துக்கும் சனம் தவித்தது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் யாப்பைத் திருத்த வேண்டி வந்தது.

நெம்பாங் 2023 மார்ச்சில் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். அதே வருடம் செப்டம்பரில், 70ஆவது வயதில், காலமானார்.

அவரைக் குறையில்லாதவராகக் காட்ட நாங்கள் இதை எழுதவில்லை. ஊரில் ஒரு சின்னச் சங்கத்துக்கு யாப்பு எழுதப் பத்துப் பேர் உட்கார்ந்தாலே இரண்டாவது கூட்டத்தில் பாதிப் பேர் எழும்பிப் போய்விடுகிறோம். மிச்சமிருப்பவர்கள் கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டு, "பெரும்பான்மை" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறோம். தோற்ற கதிரைக்கே திரும்பி வந்து உட்காரும் பொறுமையை அந்த மனிதரிடம் படிக்கலாம். எழும்பிப் போனவரின் வீட்டுக்கதவைத் தட்டாமல் யாப்பு முழுமையாகாது என்பதை அவருடைய நாட்டிடம் படிக்கலாம்.

நாளைக்கு வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இரண்டையும் சொல்லப் போகிறோம்.