தூரமும் நேரமும்

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பதே நாம் வகுப்பில் போதித்து வந்த கணக்கு. தில்லியிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தின் வழியாகச் சென்றபோது தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300. பத்திரிகையை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதி, எவ்வழி விரைவு என்று வினவினோம்.

"நீண்ட வழிதான், ஸார்" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பு நகைத்தது, நாமும் நகைத்தோம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மாலையில் செய்தியை முழுதும் படித்தோம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று முன்பு விமானத்தை எதிர்த்தது. இப்போது பின்னின்று தள்ளிற்று. பயணம் சுமார் பதினான்கரை மணிதான். ஏறக்குறைய இரண்டு மணி மிச்சம்!

மறுநாள் அச்சிறுமியை எழுப்பி அதே வினாவைக் கேட்டோம். அவள் வாய் திறக்கவில்லை.