அணங்கும் அத்தையும்

எங்கள் பெரிய அத்தை பாடி நான் கேட்டதில்லை. 1955-க்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை. அதற்கு முன் அவள் பாடினால் பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில் அந்திநேரத்துப் பேச்சு நின்றுவிடும் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. அந்த வயதின் நினைவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தணிந்துவிடும். அந்தத் தணிவை நம்பலாம்.

அத்தையை நினைக்கவைத்தவள் ஒரு மாணவி. இரண்டாமாண்டு வகுப்பில் குறிஞ்சிப் பாடல்கள் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் மேசைக்கடியில் ஓர் ஆங்கில நாவல் இருந்தது. அட்டையில் கூர்த்த காதும் உருவிய வாளுமாக ஒரு வீரன், காற்றில் கூந்தல் பறக்க ஒரு பெண். வகுப்பு முடிந்தபின் கதையைக் கேட்டேன். பெண் பெரும் பாடகி. அவள் பாட்டைக் கேட்டு வேற்றுலகத்துப் போர்வீரன் ஒருவன் எல்லை தாண்டி வருகிறான். அவன் இனத்துக்கும் அவள் இனத்துக்கும் பகை. அவ்வளவுதான். "நம்மகிட்ட இந்த மாதிரி உண்டா சார்?" என்றாள்.

சிரித்துவிட்டேன். சன்னலுக்கு வெளியே வேளிமலை நின்றது.

தக்கலையிலிருந்தோ பத்மநாபபுரத்திலிருந்தோ பார்த்தால் கண்ணில் படும் மலை அது. அடிவாரத்தில் குமாரகோவில். வள்ளி தினைப்புனம் காத்தது இந்த மலையில்தான் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. மேலே வள்ளி குகை இருக்கிறது. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைக்காரர்களுக்கும் இதே நம்பிக்கை உண்டு. அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள் ஒரு குறமகள். வேலேந்திய ஒருவன் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வேடம் மாற்றி மாற்றி வருகிறான். அவன் தேவர்களின் சேனாபதி. அவள் கையில் கவண் மட்டும். பங்குனித் திருக்கல்யாணத்தின்போது வள்ளியோடு மலையிறங்கி வரும் குமாரசுவாமியைக் குறவர்கள் வழிமறித்துப் போரிட்டுத் தோற்று விழும் சடங்கு இன்றும் நடக்கிறது. குறவர் படுகளம் என்று அதற்குப் பெயர். மாணவியின் நாவலில் இருந்த எல்லாமே அங்கே உண்டு, கூர்த்த காது ஒன்றைத் தவிர.

பிறகு யோசித்தபோது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லும் தமிழாசிரியனின் வழக்கமான சிரிப்பு அது. இருப்பது என்னவென்று நான் பார்த்திருந்தேனா?

பாடுகிற மனிதருக்கும் மனிதரல்லாத ஒன்றுக்கும் இடையிலான ஈர்ப்பு உலகெங்கும் உள்ள கதைதான். ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடலொன்றில் தாமஸ் என்னும் பாடகனை மாய உலகத்து அரசி தன் குதிரையில் ஏற்றிக் கொண்டுபோகிறாள். பொய் சொல்ல முடியாத நாக்கை அவனுக்குப் பரிசாகத் தருகிறாள். பாடகனுக்கு அதைவிடக் கொடிய பரிசு இல்லை. எங்களுக்கு எல்லைக்கு அப்பால், கேரளத்தில், அந்த இடத்தில் கந்தர்வன் இருக்கிறான். 1991-இல் பத்மராஜன் எடுத்த 'ஞான் கந்தர்வன்' படத்தில் ஒரு பெண்ணின் கண்ணுக்கு மட்டும் தெரியும் காதலன் அவன். நாஞ்சில் நாட்டிலோ கதை பெரும்பாலும் திருப்பிப் போடப்பட்டிருக்கும். இங்கே ஆவியாக வருபவள் பெண். கள்ளியங்காட்டு நீலியும் எண்ணற்ற இசக்கியம்மைகளும் வஞ்சிக்கப்பட்டுச் செத்துப் பழிவாங்க எழுந்தவர்கள். ஆண் ஆவி ஒரு பெண்ணை விரும்பினால் எங்கள் ஊரில் அதற்குக் காதல் என்று பெயரில்லை. வாதை கூடிவிட்டது என்பார்கள்.

அத்தைக்குக் கூடியதும் அதுதான்.

அவளுக்குப் பதினாறு வயது. அந்த வருடத்துப் பங்குனியில் குமாரகோவில் போய்வந்த பிறகு சோறு செல்லவில்லை. இரவில் புறவாசலில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். யாரும் கற்றுத்தராத மெட்டில் பாடுவாள். வளை கழன்று விழும் அளவுக்கு மெலிந்தாள். ஆச்சி முதலில் திருநீறு போட்டுப் பார்த்தாள். பிறகு கிழக்கேயிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்துவந்தார்கள். முற்றத்தில் களம் எழுதி, சேவல் அறுத்து, பிரம்பால் அடித்து, 'நீ யார், எங்கிருந்து வந்தாய், என்ன வேண்டும்' என்று விடியும்வரை கேட்டார்கள். விடியற்காலையில் அத்தை ஏதோ ஒரு பெயரைச் சொன்னாளாம். மந்திரவாதி உச்சிமயிரில் முடிச்சிட்டு வெட்டி ஆணியடித்தான். வாதை இறங்கிற்று. பாட்டும் போயிற்று. அடுத்த தையில் பூதப்பாண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். முப்பது வயதுக்குள் விதவையாகித் திரும்பி வந்தாள்.

முதுகலையில் எனக்குப் பிடித்த பாடம் அகப்பொருள். வெறியாட்டுப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு என்னால் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுத முடியும். தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, தாய் அஞ்சுகிறாள், இது முருகு அணங்கியது என்று கட்டுவிச்சி சொல்கிறாள், வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், மறி அறுக்கிறான். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து முழுவதும் இதுதான். இவ்வளவையும் எழுதிக்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு கணமும் எனக்கு எங்கள் முற்றம் நினைவுக்கு வரவில்லை. களம், அறுத்த உயிர், மெலிந்த பெண், அஞ்சிய தாய். ஒன்றுகூட விடுபடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது. வீட்டுத் திண்ணையில் முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவளைத் தெரியவில்லை. படிப்பு நமக்குச் செய்யும் தீங்குகளில் இதுவும் ஒன்று என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பாடல்களின் அழகே அவற்றின் நையாண்டியில் இருக்கிறது. நோய் முருகால் வந்ததல்ல, மலைநாடன் ஒருவனால் வந்தது என்பது தோழிக்குத் தெரியும். குறுந்தொகையின் 362-ஆம் பாடலில் அவள் வேலனிடம் பணிவாகவே கேட்கிறாள்: நீ இடும் பலியை இவளைத் துன்புறுத்திய மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்று. நற்றிணையின் 34-ஆம் பாடலில் தோழி இன்னும் துணிந்து முருகனிடமே பேசுகிறாள். இது உன்னால் வந்த நோயன்று என்று தெரிந்தும் வேலன் அழைத்தானென்று வந்து நிற்கிறாயே, நீ கடவுளேயானாலும் அறிவிலிதான் என்கிறாள். அகநானூற்றின் 22-ஆம் பாடலைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். பெயரிலேயே வெறியைச் சுமந்தவர். அதில் தலைவியே பேசுகிறாள். வெறியாடிய அன்றிரவு காதலன் காவலைக் கடந்து வந்து தழுவ, நோய் தீர்கிறது. நோயைத் தீர்த்தது தானென்று எண்ணும் வேலனை நினைத்து அவள் சிரிக்கிறாள்.

ஆக, சங்கக் கவிதை சொல்வது இது: கடவுள் என்று நினைக்கிறீர்கள், அது மனிதன். வள்ளி கதை சொல்வது நேர் எதிர்: மனிதன் என்று நினைக்கிறீர்கள், அவன் கடவுள். இரண்டும் ஒரே மலையில், ஒரே தினைப்புனத்தில், ஒரே வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்பட்டவை. வள்ளியும் பிற்காலத்தவள் அல்லள். முருகனைக் கூடிச் சென்ற வள்ளியை நற்றிணை 82 உவமையாகவே சொல்கிறது. அணங்கு என்னும் சொல் வருத்தும் தெய்வத்துக்கும், வருத்தத்துக்கும், பேரழகுடைய பெண்ணுக்கும் பொருந்துகிறது. முருகு என்றால் தெய்வம், அழகு, மணம், வெறியாட்டு. நம் முன்னோர் இவற்றைப் பிரித்துவைக்க மெனக்கெடவில்லை. பிரித்தே தீரவேண்டியிருந்தது மந்திரவாதிக்கு மட்டும்தான். அவனுக்கு ஒரு பெயர் வேண்டும், ஆணியடிப்பதற்கு.

அத்தையிடம் கேட்க எனக்கு முப்பத்தைந்து வயது ஆகவேண்டியிருந்தது. அவளுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அகநானூற்றின் 102-ஆம் பாடலை எளிய தமிழில் அவளுக்குச் சொன்னேன். தினை மேய வந்த களிறு, கொடிச்சி ஒருத்தி கூந்தலை உலர்த்தியபடி குறிஞ்சிப்பண் பாடுவதைக் கேட்டு, கதிரையும் தின்னாமல், நின்ற இடத்தைவிட்டும் பெயராமல், தூங்கிவிடுகிற பாட்டு. அத்தை நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனையா வரும்?" என்றாள் கடைசியில். "எனக்கு ஆளுல்லா வந்தது."

"யாரு அத்தே அது?"

"யாருண்ணு கேட்டா என்னத்தச் சொல்லுவேன் மக்களே. பாடும்பம் ஒருத்தன் கேட்டுக்கிட்டு நிப்பான். நிக்கியது தெரியும். நிறுத்தினா போயிருவான்."

"கையில வேல் இருந்துதா?"

"வேலு கீலெல்லாம் ஆரு பாத்தா. கேட்டுக்கிட்டு நிக்கியவன் கையில என்ன இருந்தா என்ன?"

அன்று விடியற்காலையில் சொன்ன பெயர் யாருடையது என்று கேட்டேன். அடி தாங்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகச் சொன்னாள். பிறகு, "ராவெல்லாம் அவன்ட்டதான் கேட்டாவ, நீ ஆரு நீ ஆருண்ணு. எங்கிட்ட ஆரும் ஒண்ணும் கேக்கல்ல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் எத்தனையோ விளக்கங்களை யோசித்துப் பார்த்தேன். படுகளத்தில் கண்ட ஏதேனும் ஓர் இளைஞனா? பதின்வயதின் உளச்சோர்வா? பாட்டில் ஆழ்ந்தவர்கள் சொல்லும் 'கேட்பவன்' என்னும் அந்த உணர்வா? எல்லாமே சரியாக இருக்கலாம். எந்த விளக்கமும் மந்திரவாதியின் ஆணியைவிட அதிகம் அறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அவள் பாட்டைக் கேட்க ஒருவன் இருந்தான். அவனைத் துரத்தியபோது பாட்டும் உடன் போனது.

கந்தபுராணத்தின் இறுதியில், வள்ளியம்மை திருமணப் படலத்தில், தேடிவந்த வேடர்கள் முருகனோடு பொருது உயிரிழந்து விழுகிறார்கள். நாரதர் சொல்ல, முருகன் வள்ளியை நோக்கி, உன் சுற்றத்தார் எழும்படி நீயே சொல் என்கிறான். அவள் சொல்கிறாள். எழுகிறார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் ஏன் இந்தச் சொல்லை வீரனின் வாயில் வைக்காமல் பாடும் பெண்ணின் வாயில் வைத்தார் என்று முன்பெல்லாம் நான் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அந்த இடம் வரும்போது வகுப்பில் சற்று நிற்கிறேன்.

இந்த முறை இவை அனைத்தையும், அத்தை என்று சொல்லாமல், 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி' என்று மாணவர்களிடம் சொன்னேன். நாவல் வைத்திருந்த பெண் கையுயர்த்தினாள். "பாட்டுல எல்லாம் தோழி இருக்கா சார். உண்மையச் சொல்ல ஒருத்தி இருக்கா. அந்த அம்மாவுக்குத் தோழி இல்லையா?"

அறத்தொடு நிற்றல் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தோழி இல்லாத பெண்ணுக்காக அறத்தொடு நிற்பது யார் என்பதற்கு எந்த உரையாசிரியரையும் துணைக்கு அழைக்க முடியவில்லை. "இல்லை" என்று மட்டும் சொன்னேன். கூடத்தின் மறுபக்கத்தில் பயந்து நின்ற ஏழு வயதுத் தம்பி மட்டும்தான் இருந்தான் என்பதைச் சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரம் புறப்படுவாள். கம்பர் வழிபட்ட சிலை அது என்பார்கள். உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன் செல்வார்கள். தலைநகரம் 1795-இல் இங்கிருந்து போய்விட்டது. 1956-இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. எல்லைகள் மாறியும் இந்தப் பயணம் நிற்கவில்லை. குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, பாட்டின் தெய்வமும் போரின் தெய்வமும் 50 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சாலையில் போகிறார்கள்.

அத்தை இருந்தவரை அன்று காலையில் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக் கோட்டை வாசலில் போய் நிற்பாள். கூட்டம் யானையைப் பார்த்துக் கைகூப்பும். யானை கடந்த பிறகும் அவள் அங்கேயே நிற்பாள். வேளிமலையானின் பல்லக்கு வரும். அவள் கைகூப்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. தெரிந்தவர் ஒருவர் தெருவில் போனால் பார்ப்போமே, அப்படிப் பார்ப்பாள். பல்லக்கு திருப்பத்தில் மறைந்ததும், "வா, போலாம்" என்பாள்.