ஆத்தாவுக்கு ஒரு ஹீட்டர்

போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை, கொல்லையிலிருந்து வெந்நீர் வாளியைத் தூக்கிட்டு வந்த ஆத்தா வாசப்படியில வழுக்கி விழுந்துருச்சு. நல்லவேளை, எலும்பு தப்பிச்சது. ஆனா வலது கால் பொத்துப்போய் ஆற மூணு வாரம் ஆச்சு.

வில்லாபுரம் இன்னைக்கு மதுரை மாநகராட்சிக்குள்ள இருக்கு. ஆனாலும் எங்க வீட்டுக் கொல்லையில மூணு கல் அடுப்பும், கரி ஏறின அண்டாவும் இருக்கத்தான் செய்யுது. தென்னமட்டை, பன்னாடை, வேலிக்கருவை விறகு எல்லாம் காசில்லாம கிடைக்கிறதுதான். புகையைக் குடிச்சதும் வாளியைச் சுமந்ததும் ஆத்தாவும் என் வீட்டுக்காரியும்தான். அதை நான் ஒருநாளும் கணக்குல சேர்த்ததில்லை.

ஹீட்டர் பேச்சை எடுத்ததும் ஆத்தா கேட்டுச்சு: "கரண்டு பில்லுக்கு எந்த வெள்ளாமைய விக்கப் போற?"

பக்கெட்டில் போடுற கம்பி ஹீட்டர்தான் விலை குறைவு. ஆனா ஆஃப் பண்ணாம தண்ணிக்குள்ள கையை விட்டா உயிருக்கே ஆபத்து. எழுபது வயசு தாண்டினவங்க இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்னு முதல்லயே தள்ளிட்டேன்.

அடுத்து மாடியில வைக்கிற சோலார். வெயிலுக்கா மதுரையில பஞ்சம்? ஆனா யோசிச்சுப் பார்த்தேன். சித்திரையில மேல்தொட்டித் தண்ணியே சுடும். வெந்நீர் வேணுங்கிறது கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும், அப்புறம் மழைக்காலம். மானம் மூடியிருக்கிற அந்த நாள்லதான் சோலாரும் சுணங்கும். போதாததுக்கு எங்க போர்த் தண்ணி உப்பு. சுடவச்சாலே பாத்திரத்துல வெள்ளையாப் படியும். சோலார் குழாய்க்குள்ளயும் அப்படித்தான் படியும். வருசம் முழுக்க வெந்நீரில் குளிக்கிற பெரிய குடும்பத்துக்கு, நல்ல தண்ணி இருந்தா, சோலார்தான் சரி. எங்களுக்கு ஒத்து வரல.

மிச்சம் கரண்டு ஹீட்டர். அதுல ரெண்டு வகை. தண்ணி ஓடும்போதே சுடவைக்கிற இன்ஸ்டன்ட் பெரும்பாலும் 3 கிலோவாட். வோல்டேஜ் இறங்கினா மோட்டார் முக்குற கதை விவசாயிக்குத் தெரியும். 230 வோல்ட் 180 ஆனா 3 கிலோவாட் ஹீட்டர் 2 கிலோவாட்டுக்கும் கீழே போயிரும். குழாயில வெதுவெதுன்னுதான் வரும். தொட்டி வச்ச 2 கிலோவாட் ஹீட்டருக்கு அந்தத் தொல்லை இல்ல. வோல்டேஜ் குறைஞ்சா கூடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கும், அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த ஒரு கிலோ கலோரி வேணும். ஒரு யூனிட் கரண்டு 860 கிலோ கலோரி. 15 லிட்டரை 23 டிகிரியிலிருந்து 50க்கு ஏத்த 405. ஏறக்குறைய அரை யூனிட். பச்சைத் தண்ணி கலந்தா ஒரு ஆள் தாராளமாக் குளிக்கலாம். வெந்நீர் கேட்கிறது மூணு பேர். நாளைக்கு ஒன்றரை யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 90 யூனிட். யூனிட் 5 ரூபாய்னு வச்சாலும் 450 ரூபாய். நம்ம மாநிலத்தில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா கீழ் யூனிட்டுக்கும் விலை கூடும். ஏசி ஓடுற வீட்டுக்காரங்க இதையும் சேர்த்துப் பார்க்கணும்.

கடையில எல்லாரும் ஸ்டாரைத்தான் எண்ணுறாங்க. ஸ்டார் சொல்றது, சூடான தண்ணி சும்மா நிக்கும்போது எவ்வளவு சூடு வெளியே போகுதுங்கிறதை. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைக்கிற வீட்டுக்கு அதுல வித்தியாசம் பெரிசு. குளிக்க இருபது நிமிசம் முன்னாடி போட்டு, குளிச்சதும் அணைச்சா வித்தியாசம் சொற்பம். இருந்தாலும் வயசானவங்க மறந்துருவாங்கன்னு 5 ஸ்டாரே வாங்கினேன். சூட்டை 50க்கு மேல ஏத்தல. சூடு கூடக்கூட உப்பும் கூடப் படியும். உள்ள இருக்கிற மெக்னீசியம் கம்பி தொட்டி துருப்பிடிக்காமக் காப்பாத்தும். உப்புத் தண்ணியில அது சீக்கிரம் கரையும். வருசம் ஒருதடவை கழட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீசியனை வச்சுப் பார்த்த பிறகுதான் மாட்டினோம்.

முதல் நாள் குளிச்சுட்டு வந்த ஆத்தாகிட்ட, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "தண்ணி சூடாத்தான்டா இருக்கு. விறகு வாசந்தான் இல்ல"ன்னுச்சு.

அடுப்பை இடிக்கல. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு இருக்கட்டும். ஆனா அன்னைக்கு வாளியைத் தூக்கப் போறது நான்.