நாற்பது பக்க நோட்டு

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில், திராட்சைப் பந்தல்களுக்குச் சற்று முன்னால் அந்த அங்கன்வாடி. ஊரில் இன்னும் பால்வாடி என்றால்தான் தெரியும். பேத்தி என் கையை விடாததால் இரண்டு நாள் அதன் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் காலை. மூன்று வயதுப் பையன் ஒருவன் அம்மாச்சியின் இடுப்பை விட்டு இறங்காமல் கத்திக்கொண்டிருந்தான். டீச்சர் கையில் போன். வருகையைப் பதிவேற்ற வேண்டும்; சிக்னல் இல்லை. "எறங்குடா, அழுதது போதும்!" அதட்டியதும் அடங்கிவிட்டான். பிறகு யாரிடமும் ஒட்டவில்லை. வாசலையே பார்த்திருந்தான். தட்டில் வைத்த முட்டை அப்படியே இருந்தது.

மதியம் பிள்ளைகள் பாயில் தூங்கினார்கள். டீச்சர் எடை, சத்துமாவு, முட்டை என்று பதிவேடுகளை முடித்தார். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை உருவினார். அட்டை கிழிந்து, நூலில் கட்டிய பேனாவோடு இருந்தது. எழுதினார், நிறுத்தினார், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த ஆயாவுக்கு வாசித்தார்.

"இவனை அதட்டினேன். எரிச்சல் போன் மேல. ஏன் அழுகிறான்னு கேக்கலை."

ஆயா நிமிரவில்லை. "அவங்கம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகுதுல்ல. விடிய முன்ன ஜீப்பு. தூங்கையிலேயே போயிருது. முழிச்சுப் பாத்தா ஆளக் காணோம்."

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதியபின் வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

சாயங்காலம், கம்பமெட்டு மலைப்பாதையில் இறங்கி வந்த ஜீப் நிற்கிற இடத்தில் டீச்சர் அந்தப் பையனின் அம்மாவிடம் பேசுவதைப் பார்த்தேன்.

"பிள்ளைய எழுப்பிச் சொல்லிட்டுப் போம்மா."

"எழுப்புனா அழுவான்னுதான் டீச்சர்…"

"அழட்டும். எங்க போற, எப்ப வருவன்னு தெரிஞ்சு அழட்டும்."

மறுநாளும் அழுதான். டீச்சர் போனை அலமாரியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அம்மா எப்பய்யா வரும்?" விம்மலுக்கு நடுவே, "ஜீப்பு வந்தா" என்றான். அன்று கஞ்சி கொஞ்சம் உள்ளே போனது.

பிள்ளைகளை எடைபோட்டுக் கணக்கு வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்த மாவட்டங்களில் பழைய மதுரையும் ஒன்று. கம்பம் இருக்கிற தேனி அப்போது அதற்குள்தான் இருந்தது. பிள்ளையின் எடைக்கு ஏடு உண்டு. பார்த்துக்கொள்கிறவளின் மனசுக்கு அவளே காசு போட்டு வாங்கிய நோட்டுதான். செய்ததைத் திரும்பி யோசிப்பதும் தொழில்திறன்தான் என்று 1983-இலேயே அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷோன் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் சமூகப்பணி படிக்கிறவர்களுக்கு இப்படி எழுதுவது பயிற்சியிலேயே இருக்கிறது. இந்த டீச்சருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவர் செய்ததை நான் பெரிய வேலையாகவே நினைக்கிறேன்.

அங்கன்வாடி டீச்சர்களுக்கு மாதக் கூட்டம் நடத்துகிறவர்களே, கணக்குப் பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் கொடுங்கள். எந்தப் பிள்ளையிடம் தவறினோம் என்று இவர்கள் பயமில்லாமல் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டட்டும். அந்த நோட்டை மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.