பதினொன்றாம் பத்தி

தங்கையின் விவாகரத்து வழக்கில் அவள் கணவர் தாக்கல் செய்த எதிருரையை வழக்கறிஞர் அலுவலகத்தில் நான்தான் வாசித்துக் காட்டினேன். பதினொன்றாம் பத்தியில், உடன் வேலைபார்க்கும் ஒருவரோடு அவளுக்குத் 'தகாத உறவு' என்றிருந்தது. தேதி இல்லை, சாட்சி இல்லை. அந்த மனிதரின் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். தங்கை எதுவும் பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வழக்கறிஞர் அம்மா நிதானமாக விளக்கினார். இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955-இல். கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடிந்தது 1976 திருத்தத்துக்குப் பிறகுதான். அடி உதை மட்டும் கொடுமை இல்லை. ஆதாரமில்லாமல் துணையின் ஒழுக்கத்தின்மேல் பழிசுமத்தி, அதை நீதிமன்றத்திலும் எழுதிக்கொடுப்பது மனரீதியான கொடுமை. செய்வது யாராக இருந்தாலும். ஒரு வழக்கில், அப்படி எழுதிய பழியைக் கணவர் பின்னர் திருத்தம் செய்து நீக்கிக்கொண்டார். நீக்கிவிட்டதால் இழைத்த கொடுமை இல்லையென்றாகிவிடாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

"நீ எதையும் நிரூபிக்க வேண்டாம்மா. சொன்னவர்தான் நிரூபிக்கணும்" என்றார் தங்கையிடம்.

திரும்பும்போது பேருந்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "ஏண்டி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைதானே?"

"நீயும் கேட்டுட்டியாக்கா?" என்றாள். இறங்கும்வரை அப்புறம் பேசவில்லை.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். தான் தீக்குளித்ததைச் சீதை சொல்லக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகும் இடத்தில் என் குரல் தானாக உயரும். சந்தேகப்படும் ஆண்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். "ஊர் வாயை மூடத்தானே" என்று அக்கறையோடு விறகு அடுக்கும் அம்மாக்களை, அக்காக்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நீதிமன்றம் பழிசொன்னவரிடம் கேட்கும் ஆதாரத்தை, நாம் வீட்டில் பழிக்கு ஆளானவளிடம் கேட்கிறோம்.

சில மாதங்கள் கழித்து, அந்தப் பத்தியை நீக்கிக்கொள்வதாக எதிர்த்தரப்பு மனுப் போட்டது. "நீக்கட்டும். படிச்சவங்களுக்கு மறந்துடுமா?" என்றாள் தங்கை.

அன்றிரவு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுக்கா" என்றாள். அவள் விட்டுவிட்டாள். ஆனால், கேட்டது கேட்டதுதான். உச்ச நீதிமன்றம் அந்தக் கணவருக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும்.