ஒரு விடுதி அறையும் சில அமானிதங்களும்

பெருமானார் (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட வரலாற்றைச் சொல்லும் நம் பேச்சாளர்கள், தவ்ருக் குகையைச் சொல்லிவிட்டு நேரே மதீனாவுக்குப் போய்விடுகின்றனர். இடையே ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மக்காவில் பின்தங்கிய 3 நாட்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. பெருமானாரைக் கொல்லத் துணிந்த ஊராரே, தம் பொருள்களை மட்டும் அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தனர். அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்கவே அந்த 3 நாட்கள். போகிறவர் அவசரமாகப் போகலாம்; நின்றுபோன பொருளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டியிருக்கிறது. இதை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வந்த நமக்கு, 2020 ஜூன் மாதத்தில் சென்னைக் கல்லூரி விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் அதுவே வேலையாக வாய்த்தது.

அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள் கல்லூரிகளை மாத இறுதிவரை மூடும் அறிவிப்பு வந்தது. இரு வாரத்தில் திரும்பலாம் என்ற எண்ணத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு பையுடன் ஊர் போய்ச் சேர்ந்தனர். பிறகு ஊரடங்கு வந்தது. இரு வாரம் மூன்று மாதமாயிற்று. ஜூன் நடுவில் தமிழகத்தில் நோய் கண்டோர் தொகை 50 ஆயிரத்தைக் கடந்தபோது, சென்னையில் பல கல்லூரி விடுதிகளை மாநகராட்சி நோய்த்தடுப்பு முகாம்களாக மாற்றத் தொடங்கியது. 19ஆம் நாள் முதல் நகரில் மீண்டும் முழு ஊரடங்கு என்றும் அறிவித்தார்கள். 18ஆம் நாள் மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், இல்லையேல் பொருள்களை மூட்டை கட்டி ஒரே கூடத்தில் குவித்துவிடுவோம் என்று விடுதியிலிருந்து செய்தி போயிற்று.

மாணவரோ காயல்பட்டினத்தில் இருந்தார். சென்னைக்கு வர அப்போது இ-பாஸ் வேண்டியிருந்தது. அது திருமணம், மரணம், மருத்துவம் ஆகியவற்றுக்கே கிடைக்கும். அவருடைய வாப்பா மத்ரஸாவில் நம்முடன் ஓதியவர். "ஹஜ்ரத், உங்களைத் தவிர அங்கே யாரிடம் சொல்லுவேன்?" என்றார். குட்டியானை வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நான்கைந்து கோணிப் பைகளுடன் போய்ச் சேர்ந்தோம்.

பிறர் பொருளைக் கட்டுவது தம் பொருளைக் கட்டுவது போன்றதன்று. எது உயர்ந்தது, எது குப்பை என்று நம் கண்ணுக்குத் தெரியாது. கைபேசியில் படம் காட்டியபடியே கேட்டுக் கேட்டுத்தான் கட்டினோம். வாப்பா சான்றிதழ்க் கோப்பைத் தேடச் சொன்னார். உம்மா பின்னாலிருந்து போர்வையையும் எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தையும் நினைவூட்டினார். தம்பிக்கு இரண்டும் பொருட்டில்லை. பாதி எழுதிய ரெக்கார்டு நோட்டுகளே அவருக்குப் பெரிதாக இருந்தன. உம்மா கொடுத்தனுப்பிய மாசி ஒரு டப்பாவில் மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்து பார்த்த வண்டிக்காரர், முகக்கவசத்தின் அருமையை அன்றைக்குத்தான் உணர்ந்ததாகச் சொன்னார்.

வீட்டார் சற்று விலகிய நேரம் பார்த்துத் தம்பி குரலைத் தாழ்த்தினார்: "ஹஜ்ரத், தலையணை உறைக்குள்ளே ஒரு நோட்டு இருக்கு. பிரிக்காம அப்படியே வச்சிருங்க." உறையோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டோம். இக்காலப் பெற்றோர் சிலர் இதைக் கேட்டால், பெரியவர் ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா என்பர். வேண்டாம் என்பதே நம் கருத்து. அமானிதம் என்று ஏற்ற பின் அதன் உள்ளடக்கம் நம்மைச் சேர்ந்ததன்று.

அடுத்த கட்டிலில்தான் சிக்கல் வந்தது. அது தருமபுரிப் பக்கத்துப் பிள்ளையொருவருடையது. அவர் பொருட்டு ஒருவரும் வரவில்லை. உரியவர் ஒப்படைக்காத பொருளை எடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை? ஃபிக்ஹு நூல்களில் 'வதீஅத்' என்னும் பாடத்தில் ஒரு விதிவிலக்கு வரும்: அமானிதப் பொருள் இருக்கும் வீடு தீப்பற்றினால் அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிடலாம், கப்பல் மூழ்கும் நிலையில் வேறு கப்பலுக்கு மாற்றிவிடலாம். ஆனால் அது ஏற்கெனவே பொறுப்பேற்றவருக்கு உரிய சலுகை. நாமோ வழிப்போக்கர். தம்பியிடம் எண் வாங்கிப் பேசினோம். பிள்ளை கூலி வேலைக்குப் போயிருந்தார், தாயார் எடுத்தார். யார், என்ன என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எங்களுக்கு அங்க யாருமில்லீங்க ஐயா. அந்தத் தகரப் பெட்டிய மட்டும் எடுத்து வச்சீங்கன்னா போதும். சர்ட்டிபிகேட்டெல்லாம் அதுலதான் இருக்குது" என்றார். முகம் அறியாத நம்மிடம், பிள்ளையின் படிப்பு முழுவதையும் அந்தத் தாய் ஒரே மூச்சில் ஒப்படைத்துவிட்டார். பெட்டி இன்னாரிடம் இருக்கிறது என்று தாளில் எழ்தி விடுதிக் காப்பாளரிடம் கையொப்பம் பெற்று, அதன் படத்தையும் அவர்களுக்கு அனுப்பிய பிறகே பெட்டியைத் தூக்கினோம். கையொப்பத்துக்குக் காத்திருந்த அரை மணி நேரமும் வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே.

செப்டம்பர் 7ஆம் நாள் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடத் தொடங்கிய பின் காயல்பட்டினத்துத் தம்பி வந்தார். கயிறு அவிழாத பொட்டலத்தை முதலில் கொடுத்தோம். வாங்கித் தம் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

தகரப் பெட்டி டிசம்பர் வரை நம் கட்டிலடியில் இருந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கு விடுதி திறந்த வாரத்தில் அந்தப் பிள்ளை, தாயார் கொடுத்தனுப்பிய புளியுடன் வந்து நின்றார். நம் முன் திறந்து சரிபார்த்தாலன்றிக் கொடுக்க மாட்டோம் என்றோம். "பரவாயில்லீங்க ஐயா" என்று கூச்சப்பட்டார். நாம் விடவில்லை. சான்றிதழ்கள் இருந்தன, இரண்டு சட்டைகள் இருந்தன, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் ஒன்று மாவாகியிருந்தது. அதை மட்டும் நம் வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.