மூன்று நாள் விருந்து

 

புதுவைக் கடற்கரைச் சாலையில் முதுகுப் பையுடன் நடந்து செல்லும் வெளிநாட்டு இளைஞர்களைக் காணாத நாள் நமக்கு இல்லை. அவர்களுள் ஒருவர், ஜெர்மனியைச் சேர்ந்தவர், பையின் அறுந்த வாரைத் தைப்பதற்காக நம் நண்பரின் கடைக்கு வந்திருக்கிறார். நண்பர் முல்லா வீதியில் தையற்கடை வைத்திருப்பவர். தைத்து முடிக்கும்வரை அந்த இளைஞர் தம் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னாராம். அங்கே தச்சு வேலை, கொத்து வேலை பயின்று முடித்தவர்களுள் சிலர் மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். அதுவரை சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் வரலாகாது. கறுப்பு உடை, கைத்தடி, ஒரு மூட்டை. தங்குமிடத்திற்குக் காசு கொடுக்காமல், கைத்தொழிலைக் கொண்டே உணவும் உறைவிடமும் தேடிக்கொள்வது மரபு.

"ஹஜ்ரத், நாம காரைக்கால் வரைக்குமாவது இப்படிப் போய் வரலாமே" என்றார் நண்பர்.

நமக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. ஜமாஅத்தோடு பள்ளிவாசல்களில் தங்கிப் பழக்கம் உண்டு. அறியாதவர் வீட்டில் தங்கிப் பழக்கமில்லை. எனினும் ஐப்பசி மாதத்தில் மத்ரஸாவுக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்தபோது, ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். நண்பர் தம் பையில் கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் வைத்துக்கொண்டார். புதுவையும் காரைக்காலும் ஒரே ஆட்சிப் பகுதியாயினும் இடையே சுமார் 130 கிலோமீட்டர் தமிழ்நாட்டு மண் கிடக்கிறது. கஸ்ர் தொழுவதற்குப் போதுமான தூரம். அதையெல்லாம் கிதாபைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொண்டுதான் கிளம்பினோம்.

கடலூரைக் கடந்து முதலில் இறங்கிய ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம். போர்ச்சுக்கீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத்துறை, என்றழைத்த ஊர். முஸ்லிம் வணிகர்களுக்கு அது மஹ்மூத் பந்தர். இஷா தொழுகைக்குப் பின் பள்ளி முற்றத்தில் நின்று, இரவு தங்க யாரேனும் இடம் தருவார்களா என்று முஅத்தினிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊராரிடம் உணவு கேட்டு மறுக்கப்பட்ட வரலாற்றைக் கஹ்ஃபு அத்தியாயத்தில் எத்தனை முறை ஓதியிருப்போம்! கேட்டு நிற்பவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் நாங்கள் கேட்டு முடிக்கும் முன்பே நம் பையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார். மீன் இறங்கும் துறையில் எடை போடும் வேலை அவருக்கு. திண்ணை, ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவே வீடு. அந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். இடியாப்பமும் கோழி ஆணமும் வந்தன. வயதான தாயார் கதவுக்கு அப்பாலிருந்து, "வெக்கப்படாம சாப்பிடச் சொல்லு தம்பி" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை புறப்பட வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் முழங்கால் அளவு நீர். "இந்த மழையில எங்க போவீங்க ஹஜ்ரத்? இருங்க" என்றார் அவர். இருந்தோம். அன்றும் மழை, அதற்கு மறுநாளும் மழை. நண்பர் சும்மா இருக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைப் பிரித்து அளவு கூட்டித் தைத்தார். பழைய தையல் இயந்திரத்தையும் ஓட வைத்துவிட்டார். நாம் வேளாவேளைக்கு உண்டு, ஓதி, உறங்கினோம். 'மழை நின்றால் போய்விடுவோம்' என்று நாள்தோறும் எதிர்பார்த்துத் தங்கும் பயணி பதினெட்டு நாள் வரை கஸ்ர் தொழலாம் என்ற ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை நண்பருக்கு விரிவாக விளக்கவும் செய்தோம்.

நான்காம் நாள் சுப்ஹுக்குப் பின் அவருடைய இளைய மகனை அருகில் அமர்த்தி ஓதச் சொன்னோம். ஏழு வயதிருக்கும். அழகாக ஓதினான். ஓதி முடித்ததும், எந்தத் தூண்டுதலும் இன்றிச் சொன்னான்: "எங்கள்ட்ட மூணு கோழி இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. அது முட்டை போடுற கோழி."

சற்றுப் பொறுத்து, "உம்மாவும் தங்கச்சியும் மாமி வீட்டுல படுக்குறாங்க. இன்னைக்கும் அங்கதானா?" என்று கேட்டான்.

நமக்குப் பதில் வரவில்லை. மழையென்றால் படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு போகாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் எடை போடுபவருக்குக் கூலி இல்லை. கண்ணெதிரே இருந்த இந்தக் கணக்கு மூன்று நாளும் நம் புத்தியில் ஏறவே இல்லை.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். இப்ராஹீம் (அலை) அவர்கள் கொழுத்த கன்றைப் பொரித்து வைத்ததையும், விளக்கை அணைத்துவிட்டு விருந்தாளியை உண்ண வைத்த அன்ஸாரித் தோழரையும் சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரியும். ஆனால் அபூ ஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் பின்பகுதியை அதே அழுத்தத்துடன் நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. விருந்து மூன்று நாள்; அதற்கு மேல் கொடுப்பது தர்மம்; தன் சகோதரனைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு ஒருவர் அவரிடம் தங்கியிருப்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்கிறார்கள். உபசரிக்க அவரிடம் எதுவும் இல்லாத நிலையிலும் தங்கியிருப்பதுதான் என்று விடை வருகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ரக்அத்தைச் சுருக்கும் சட்டத்தைத் தேடிப் பார்த்த நாம், தங்குவதைச் சுருக்கும் சட்டத்தை மறந்திருந்தோம்.

தூறலிலேயே கிளம்பினோம். அவர் மனம் வருந்தினார், "என்ன குறை வச்சோம்?" என்று தாயார் கேட்டார்கள். பொய்யும் சொல்ல முடியவில்லை, உண்மையையும் சொல்ல முடியவில்லை. பணம் கொடுத்தால் காயப்படுவார் என்று நண்பர் தடுத்துவிட்டார். பையனின் கையில் மட்டும், ஓதியதற்குப் பரிசு என்று சொல்லி, இருந்ததில் ஒரு பகுதியை வைத்து மூடினோம்.

காரைக்காலில் எங்களை ஏற்றுக்கொண்டவர் எண்பதை நெருங்கும் பெரியவர். தந்தையார் பிரெஞ்சுக் காலத்தில் சைகோனில் வணிகம் செய்தவராம். 1935இல் இந்திய முஸ்லிம்கள் அந்நகரில் எழுப்பிய பள்ளிவாசலைப் பற்றி, தாம் நேரில் கண்டது போலவே பேசினார். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்கு இருந்தது. அவருடைய குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் மூவரும் பாரிஸ் பக்கத்தில். இங்கே ஆறு அறைகள். ஐந்து பூட்டியே கிடக்கின்றன. இரவு சஹனில் சோறு வைத்து எங்களோடு ஒன்றாக அமர்ந்து உண்டார். "ஒத்தையா சாப்பிட்டே பழகிப்போச்சு" என்றார்.

காலையில் பையை எடுத்தோம். "ஒரு ராத்திரிதானா? ரெண்டு நாள் இருங்களேன்" என்றார். பரங்கிப்பேட்டையின் சூடு இன்னும் ஆறாதிருந்தது. தொந்தரவு தரக்கூடாது என்று பணிவோடு மறுத்தோம். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நண்பர் நாகூர் வரை நம்மோடு பேசவில்லை. பெரிய மினாராவின் கீழே வைத்துத்தான் சொன்னார்: "ஹஜ்ரத், அங்கே இருந்திருக்கக் கூடாது. இங்கே இருந்திருக்கணும்."

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா அது. அண்ணாந்து பார்க்கும் மனநிலையில் நாம் இல்லை. அன்று மாலையே காரைக்காலுக்குத் திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டினோம். இன்னும் இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம். பூட்டியிருந்த அறைகளில் ஒன்றைத் திறந்து, சைகோனிலிருந்து வந்த பெட்டியைக் காட்டினார்.

இவ்வாண்டு தை மாதத்தில் பரங்கிப்பேட்டைச் சகோதரர் தம் தாயாரை ஜிப்மருக்கு அழைத்து வந்தார். நம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்து வந்தோம். மூன்றாம் நாள் அஸருக்குப் பின், மருத்துவமனைக்குப் பக்கத்தில் கோரிமேட்டில் அறை பார்த்துவிட்டதாகச் சொன்னார். வைத்தியம் இன்னும் ஒரு வாரம் நடக்கும் என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டில் அறையும் இருந்தது, அரிசியும் இருந்தது. எவ்வளவோ சொன்னோம். சிரித்தாரே தவிர இசையவில்லை. எதற்காக என்று நாமும் கேட்கவில்லை.

வாசலில் நின்று அவர்களை அனுப்பி வைத்தபோது காரைக்கால் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

அதன்பின் அந்த ஒரு வாரமும் நண்பரும் நாமும் முறை வைத்துத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைசி நாளன்று கழுவித் திருப்பித் தந்த வாளி கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே பரங்கிப்பேட்டை அல்வா.